சிவப்புக் கோட்டுக்கு ஒரு காரணம்

சுப்பராயனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெற்றிலை போட மாட்டார், சீட்டு ஆட மாட்டார், மூக்குப்பொடி பக்கமே போக மாட்டார். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்வார். கேட்டுவிட்டால் இரண்டு சொல்வார்.

கபாலீசுவரர் குளத்துத் தண்ணீர் இந்த வருஷம் ஏன் பச்சையாக இருக்கிறது, லஸ் முனையில் டாக்டர்கள் ஏன் வரிசையாகப் போர்டு மாட்டியிருக்கிறார்கள், என் சட்டையில் ஏன் இடது பக்கமே வர்ணம் கொட்டுகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் தயாராக இருக்கும். காரணம் தப்பாகப் போனால் வருத்தப்பட மாட்டார். தப்பாகப் போனதற்கும் ஒரு காரணம் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

ஒரு சமயம் லஸ்ஸில் டிராம் தாமதமாக வருவதை ஆராய்ந்தார். பல நாள் சாயங்காலம் நின்று பார்த்தாராம். சுண்டல்காரன் வந்து கூடையை இறக்குகிற நாளிலெல்லாம் டிராம் தாமதம். சுண்டல்காரன் வராத நாளில் டிராம் நேரத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே சுண்டல்காரனை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று டிராம் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு மனு போட்டார். டிராம் கம்பெனி பதில் போடவில்லை. அதற்கும் அவர் ஒரு காரணம் சொன்னார், எனக்குத்தான் மறந்துபோயிற்று.

நான் வேதநாயகம். சாந்தோமில் போர்டு எழுதுகிறவன். கடைப் பலகை, வக்கீல் பெயர், கல்லறைக் கல், எது வந்தாலும் எழுதுவேன். எனக்கும் சுப்பராயனுக்கும் பழக்கம் ஏற்பட்டது சிசு ரக்ஷணச் சங்கத்தினால். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக் கைக்குழந்தைகளுக்குக் காலையில் பால் ஊற்றுகிற சங்கம் அது. அதை ஆரம்பித்தவர் ராவ் பகதூர் பாண்டுரங்க ராவ். மராமத்து இலாகாவில் பாலம் பாலமாகக் கட்டி ஓய்வு பெற்றவர். மாம்பலத்தில் புதிதாகப் போட்ட தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் பங்களா கட்டிக்கொண்டு வந்தார். கட்டுவதற்கு வேறு பாலம் இல்லாததால் குழந்தைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தார் என்று சுப்பராயன் காரணம் சொல்வார்.

பாலை ஊற்றினால் மட்டும் ராவ் பகதூருக்குப் போதாது. ஏன் ஊற்றுகிறோம், ஊற்றியதில் என்ன பலன் என்று ஆராய்ச்சி வேண்டும். அதற்காகச் சுப்பராயனைத் தற்காலிகமாக நியமித்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது அவர் உத்தியோகம். அந்தத் 'தற்காலிகம்' ராவ் பகதூர் வீட்டுத் தோட்டத்தில் வைத்த மாங்கன்று காய்த்த பிறகும் தற்காலிகமாகவே இருக்கிறது. சுப்பராயன் கேட்டு வந்ததை நான் பட்டைக் கோடுகளாகத் துணியில் எழுதிக் கொடுப்பேன். வருஷக் கூட்டத்தில் அதை மேடையில் தொங்கவிடுவார்கள். கோடு உயரமா குட்டையா என்பது என் வேலை. அது ஏன் உயரம் என்பது சுப்பராயன் வேலை. நான் அவர் வேலையில் தலையிட்டதில்லை. அவர் என் வேலையில் தலையிடாத நாள் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் குப்பத்தையே சல்லடை போட்டுச் சலித்தார். கூரை ஓலையா ஓடா, தாய் மீன் விற்கப் போகிறாளா வீட்டில் இருக்கிறாளா, குழந்தைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறாள், ஆடு உண்டா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை தங்கியது என்பதையும் கேட்டார். எதற்கும் எதற்கும் சம்பந்தம் தெரியவில்லை. ஓலைக் கூரையிலும் குழந்தைகள் போயிருந்தன, ஓட்டுக் கூரையிலும் போயிருந்தன. ஒரு மாதம் அவர் முகம் சுண்டிக் கிடந்தது. காரணம் கிடைக்காத சுப்பராயனைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் வேகாத வெயிலில் என் கடைக்கு ஓடி வந்தார். குடை கையில் இருந்தது, விரிக்க மறந்துவிட்டார்.

"வேதநாயகம், கிடைச்சுடுச்சு" என்றார்.

விஷயம் இதுதான். குப்பத்தில் சில ஆண் குழந்தைகளுக்கு மூக்கு குத்தி, செம்புக் கம்பியில் ஒரு சிறு வளையம் போட்டிருப்பார்கள். அதை அவர் சும்மா வேடிக்கைக்குத்தான் குறித்து வைத்திருந்தார். இப்போது கூட்டிப் பார்த்தால், மூக்கு குத்திய பையன் இருக்கிற வீடுகளில் செத்த குழந்தைகள் ஏராளம். குத்தாத வீடுகளில் அதில் கால் பங்குகூட இல்லை. கூரையும் ஆடும் எண்ணெயும் காட்டாத வித்தியாசத்தை இந்த வளையம் காட்டிவிட்டது.

காரணமும் தயாராக இருந்தது. துருப்பிடித்த ஊசி. அதில் குத்துகிறார்கள், புண் சீழ் பிடிக்கிறது, ஜன்னி காண்கிறது, குழந்தை போய்விடுகிறது. ஒரு குழந்தைக்குக் குத்துகிற வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் குத்தத்தானே செய்வார்கள்? தாங்கினது நிற்கிறது, தாங்காதது போய்விட்டது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சிவப்பு வர்ணத்தை எடுத்து உடனே குழைக்க ஆரம்பித்தேன்.

அப்போது அவர் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். அவர் மூக்கின் வலது பக்கத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. அம்மைத் தழும்பு என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அம்மை வந்தால் முகமெல்லாம் விளையாடிவிட்டுப் போவாள். ஒரே ஒரு தழும்போடு போன அம்மையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் வேலை கொடுக்கிறவரிடம் கேட்பானேன் என்று விட்டிருந்தேன். அது அம்மை இல்லையாம். சிறு வயதில் அவருக்கும் மூக்கு குத்தி வளையம் போட்டிருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வடபழனிக்குக் கூட்டிப்போய், மொட்டை அடித்து, வளையத்தைக் கழற்றி உண்டியலில் போட்டார்களாம். பையன்கள் பெண்பிள்ளை என்று கேலி செய்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. "அந்த ஊசிக்கு நான் தப்பிச்சது அதிர்ஷ்டம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்குக் குழந்தைகள் மேல் அக்கறை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவருக்குக் காரணத்தின் மேலும் அக்கறை, அதுதான் சங்கடம்.

ராவ் பகதூருக்குத் தலைகால் புரியவில்லை. பாலத்தில் விரிசல் எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. விரிசலைக் கண்டால் அடைக்க வேண்டும் அல்லவா? மூக்கு குத்திய வீட்டுக்குப் பால் கிடையாது, ஒரு வருஷத்துக்கு நிறுத்திவிட வேண்டும், அப்போதுதான் இந்த வழக்கம் ஒழியும் என்று வருஷக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். சுப்பராயனை அதே கூட்டத்தில் ஆராய்ச்சி அதிகாரியாக நிரந்தரம் செய்வதாகவும் சொன்னார். சுப்பராயன் என்னிடம் வந்து, அந்தப் பதவிப் பெயரை ஒரு சின்னப் பலகையில் எழுதி வைக்கச் சொன்னார். பூப்போட்ட ஓரம் வேண்டுமாம்.

இந்தச் சேதி பால் ஊற்றுகிற ஆள் மூலமாகக் குப்பத்துக்குப் போய்விட்டது. கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தேசம்மா என் கடை வாசலில் மீன் கூடையை இறக்கினாள். எங்கள் தெருவுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருகிறவள். இடுப்பில் அவள் பையன், பெயர் சின்னப்பையன். ஒரு வயது இருக்கும். மூக்கில் செம்பு வளையம். பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்டு தேசம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் உடம்பில் இருந்த சதை எல்லாம் சங்கத்துப் பால்தான்.

"இன்னா நைனா, மூக்கு குத்தின புள்ளைக்குப் பால் கெடியாதாமே, மெய்யா?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் பேசப் போகிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்று மழுப்பினேன். வளையத்தைக் கழற்றிவிட்டால் ஒருவேளை கொடுப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. குழந்தை என் வர்ணக் கிண்ணத்துக்குள் விடப் போன கையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"வளையத்தைக் கழட்னாலும் புள்ள பூடும். பால நிறுத்துனாலும் பூடும். எதுல போவணும்னு உங்க குடைக்கார ஐயாவையே சொல்லச் சொல்லு" என்றாள்.

கூடையைத் தூக்கி விட்டேன். போய்விட்டாள். அன்றைக்கு என் கோடு எதுவும் நேராக வரவில்லை. சாயங்காலம் சுப்பராயனிடம் இதைச் சொன்னேன்.  மூடநம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருக்கிறது, ஒரு வருஷம் கஷ்டப்பட்டால் அப்புறம் எத்தனையோ குழந்தைகள் பிழைக்கும் என்றார். சின்னப்பையனுக்கு அந்த ஒரு வருஷம் உண்டா என்று நான் கேட்டேன்.  அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஒத்திகை. கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில் அவர் வீடு. அவரும் அவர் தாயார் தேவானை அம்மாளும்தான். தேவானை அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளையைக் கேலி செய்ய நன்றாகத் தெரியும். நான் துணியைச் சுவரில் மாட்டினேன். சுப்பராயன் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் குடையைக் கோலாகப் பிடித்து, இல்லாத சபையைப் பார்த்து வணக்கம் சொன்னார். அம்மாள் அடுப்பில் கேழ்வரகு அடை தட்டிப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இவனைத் தவிட்டுக்கு வாங்கினேன் தம்பி. அந்தத் தவிட்டை மாட்டுக்கு வெச்சிருந்தாலும் பால் கறந்திருக்கும்" என்றாள் என்னிடம்.

எந்த வீட்டில்தான் பிள்ளையைப் பார்த்து இப்படிச் சொல்லவில்லை? என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள். சிரித்தேன். சுப்பராயன் சபைக் கோபத்தோடு அம்மாவைப் பார்த்துவிட்டு மேலே பேசினார். பேசி முடித்ததும் அம்மாள் துணியின் பக்கத்தில் வந்து நின்றாள். இது என்ன, தேர் மாதிரி உசரமா நிற்கிறதே என்று சிவப்புக் கோட்டைக் காட்டிக் கேட்டாள். மூக்கு குத்திய வீடுகளில் செத்த குழந்தைகள் என்றார் சுப்பராயன். பக்கத்தில் குட்டையாக இருக்கிற கறுப்பு? அது குத்தாத வீடுகள். அம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம வீடு இதுல எங்கேடா சுப்பு?"

அவர் சிரித்தார். நம்ம வீட்டைக் கணக்கெடுக்கவில்லை, எடுத்திருந்தாலும் கோடே வராது, இருக்கிறது நான் ஒருவன், உயிரோடு இருக்கிறேன் என்றார்.

அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சிவப்புல போடு" என்றாள்.

மூக்கு குத்தினதுக்காகச் சொல்கிறாள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். குத்தினாலும் நான் சாகவில்லையே அம்மா என்றார் சுப்பராயன். நீ சாகவில்லை என்றாள் அம்மாள். அந்த 'நீ'யில் ஓர் அழுத்தம் விழுந்தது. அடை தீய்கிற வாசனை வந்தது. அவள் அடுப்புப் பக்கம் போகவில்லை, துணியின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

 என்ன கேட்பது என்று தெரியாமல் சுப்பராயன், குப்பத்தில் வாசல் வாசலாக நின்று கேட்ட அதே அச்சுத் தமிழில் பெற்ற தாயைக் கேட்டார்.

"மொத்தம் எத்தனை குழந்தைகள் பிறந்தன?"

"அஞ்சு."

"இப்போது உயிருடன் இருப்பவை?"

"எதிர்ல கோட்டு போட்டுகிட்டு நிக்குது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுப்பராயன் குடையை மெதுவாகத் தரையில் வைத்தார். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டார். போனவர்களைப் பற்றித் தங்கினவனிடம் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் சொன்னதாக அம்மாள் சொன்னாள். முதலாவது பெண் என்றாள். நடக்க ஆரம்பித்திருந்தாள் என்றாள். அதற்கு மேல் அவர்களைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

"நாலும் போனப்புறம்தான்டா உன்னைக் குப்பையில உருட்டி, மூக்கைக் குத்தி, எதிர்வீட்டு நஸ்ருன்னிசா கையில குடுத்து, ஒரு மொறம் தவிடு போட்டுத் திரும்பி வாங்கினேன். வேண்டாத பிள்ளைன்னு எமன் நெனைச்சு விட்டுடட்டும்னு. அதுங்க தங்கியிருந்தா உன் மூக்கை நான் எதுக்குடா குத்தப் போறேன்?"

அவருக்கு முன்னால் துணி தொங்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட கோடு, நல்ல சிவப்பு. கோட்டில் ஒரு தப்பும் இல்லை. குழந்தைகள் போன வீட்டில்தான் மூக்கு குத்துவார்கள். மூக்கு குத்திய வீட்டைத் தேடிப் போனால் குழந்தைகள் போன வீடாகத்தான் இருக்கும். நாங்கள் முன்னதைப் பின்னதாக்கி, பின்னதை முன்னதாக்கி, அதற்குப் பூப்போட்ட ஓரம் வேறு வைக்க இருந்தோம். தீய்ந்த அடையை மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை.

கிளம்பும்போது சுப்பராயன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எது முன்னாடி, எது பின்னாடின்னு ஒரு வீட்லகூட நான் கேட்கலை, வேதநாயகம்" என்றார்.

காலையில் குப்பத்துக்கு வருகிறீர்களா என்றும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பூசை உண்டு. அந்தோணியார் மன்னிப்பார் என்று போனேன்.

ஒரு வீட்டில் கேட்டது இந்தத் தடவை அவருக்குப் போதவில்லை. அம்மா சொன்னதையே காரணமாக எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் அதுவும் பழைய சுப்பராயன்தான். வளையம் போட்ட பையன் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் நின்று, குழந்தை போனது முதலா, மூக்கு குத்தினது முதலா என்று கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில். போனவற்றில் ஒன்றுக்குக்கூட மூக்கு குத்தியிருக்கவில்லை. சில பெண்கள் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார்கள். அவருக்கு அது வலித்தது. ஆனாலும் கடைசி வீடு வரைக்கும் போனார்.

தேசம்மா வலை உலர்த்துகிற மணலில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சின்னப்பையனுக்கு முன்னால் அவளுக்கு மூன்று போயிருந்தன. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவளும் ஒரு கேள்வி கேட்டாள்.

"மூணும் எதுனால போச்சின்னு நீதான் படிச்சவன், சொல்லேன்."

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.  திரும்பி வருகிற வழியெல்லாம் சுப்பராயன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரோடு பழகிய காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் அமைதி அது, ஆனால் அதை என்னால் அனுபவிக்க முடியவில்லை.

சாயங்காலம் கூட்டம். வடக்கு மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். மாலை, பன்னீர், சந்தனம், விசிறியோடு பெரிய மனிதர்கள். பெண்கள் பக்கத்தில் தேவானை அம்மாள் பட்டுப் புடவையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ராவ் பகதூர் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு பெரிய உண்மை வெளியாகப் போகிறது என்று ஆரம்பித்துச் சுப்பராயனை அழைத்தார்.

சுப்பராயன் எழுந்து துணியைக் காட்டினார். கோடு சரி, ஆனால் கோட்டுக்குத் தான் சொன்ன காரணம் தப்பு என்றார். மண்டபத்தில் விசிறிகள் நின்றன. பிறகு அவர் லஸ் சுண்டல்காரன் கதையைச் சொன்னார். டிராம் தாமதமானால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் சுண்டல்காரன் வருவான், சுண்டல்காரன் வந்ததால் டிராம் தாமதம் என்று எழுதிப் போட்ட மனிதன் நான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதே தப்பைக் குழந்தைகள் விஷயத்தில் செய்துவிட்டேன் என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகள் போனது முதலில், மூக்கு குத்தினது அதற்குப் பிறகு என்று குப்பத்தில் கேட்டு வந்ததைச் சொன்னார்.

ராவ் பகதூர் முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் குழந்தைகள் சாவதற்குக் காரணம்தான் என்ன என்று நாற்காலியிலிருந்தே கேட்டார்.

"தெரியாது சார்" என்றார் சுப்பராயன்.

நான் மேடைக்குப் பின்னால் துணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நழுவ விட்டுவிட்டேன், கோடு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்று கேட்டால் இரண்டாகச் சொல்கிற மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்க நான் கொடுத்து வைத்திருந்தேன்.

அவர் உட்காரவில்லை. காரணம் தெரியாது, ஆனால் ஒன்று தெரியும் என்றார். வளையம் போட்ட பையன் இருந்தால் அந்த வீட்டில் குழந்தைகள் போயிருக்கின்றன, அடுத்ததும் போகக்கூடிய வீடு அது, பாலை நிறுத்த வேண்டுமென்றால் கடைசியில் நிறுத்த வேண்டிய வீடு, ஊற்ற வேண்டுமென்றால் முதலில் ஊற்ற வேண்டிய வீடு என்றார். இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா என்று ராவ் பகதூர் எரிந்து விழுந்தார்.

சுப்பராயன் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார். "குப்பமெல்லாம் கேட்டேன் சார். எங்க அம்மாவை மட்டும் கேட்கலை."

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தேவானை அம்மாள் இல்லை, அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ராவ் பகதூர் தீர்மானத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபக்காரர், ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. வளையம் போட்ட குழந்தைகளுக்கே முதலில் பால் என்று மாற்றித் தீர்மானம் நிறைவேறிற்று. ஆராய்ச்சி அதிகாரி பதவி பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. தெரியாது என்று சொல்கிறவருக்கு நிரந்தரச் சம்பளம் எப்படிக் கொடுப்பது? பூப்போட்ட பலகையை நான் வெள்ளை அடித்து ஒரு தையற்காரருக்கு விற்றுவிட்டேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் மரியாதையாக இருந்திருக்கும். ஒரு மாதம் கழித்து ராவ் பகதூர் பால் ஊற்றுகிற இடத்தைப் பார்க்கக் காரில் வந்தார். நானும் சுப்பராயனும் கூட இருந்தோம். வரிசையில் தாய்மார்கள், இடுப்பில் குழந்தைகள். அத்தனை குழந்தைகளின் மூக்கிலும் வளையம். செம்பு, பித்தளை, ஒன்று வலைக்குப் போடுகிற ஈயம். பாதிப் பேருக்குக் குத்தவே இல்லை, கம்பியை வளைத்து மூக்கில் கவ்வ வைத்திருந்தார்கள். ஒரு குழந்தை தும்மிற்று, வளையம் பாலில் விழுந்தது.

 இத்தனை வீட்டிலுமா குழந்தைகள் போய்விட்டன, ஒரே மாதத்தில் என்ன நடந்தது, காலராவா, இதற்கு என்ன காரணம் என்று ராவ் பகதூர் சுப்பராயனைப் பிடித்து உலுக்கினார்.

சுப்பராயன் வரிசையைப் பார்த்தார். பாலில் கிடந்த வளையத்தைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, சந்தேகத்துக்கே இடமில்லாத ஒரு காரணம் அவருக்குக் கிடைத்தது.

"காரணம் நான்தான் சார்" என்றார்.

ராவ் பகதூர் முறைத்தார். பிறகு விஷயம் மெல்லப் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் தலைப்பாகை சரிகிற வரைக்கும் சிரித்தார். வளையமும் வேண்டாம், கிளையமும் வேண்டாம், வருகிற குழந்தைக்கெல்லாம் ஊற்று என்று சொல்லிவிட்டார். பற்றாத பாலுக்குத் தன் வீட்டுப் பசுவையும் சேர்த்துக்கொண்டார். ராவ் பகதூர் வீட்டு அம்மாள் இன்றைக்கும் சுப்பராயனைக் கண்டால் பேசுவதில்லை என்று கேள்வி.

அடுத்த வாரம் எல்லா மூக்கும் வெறும் மூக்காகிவிட்டன, ஐந்தாறு தவிர. அந்த ஐந்தாறில் சின்னப்பையன் ஒருவன். இப்போது தேசம்மா கூடையை இறக்கினால் அவன் என் கடைக்குள் ஓடி வந்து வர்ணக் கிண்ணத்தைக் கவிழ்க்கிறான். சட்டையில் இப்போது இரண்டு பக்கமும் கொட்டுகிறது, காரணம் கேட்க வேண்டியதில்லை.

சுப்பராயன் இன்னும் தற்காலிகம்தான். வீடு வீடாகப் போகிறார், முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்து கேட்கிறார். வந்ததும் வராததுமாகக் காரணம் சொல்லும் பழக்கம் போகவில்லை, ஆனால் சொல்லிவிட்டு, எதற்கும் நாளைக்கு ஒரு தடவை கேட்டுவிடுகிறேன் என்கிறார். அவர் வீட்டுச் சுவரில் நான் எழுதிக் கொடுத்த ஒரு சின்னத் துணி தொங்குகிறது. அதில் ஒரு வீட்டின் கோடுதான், ஐந்து கட்டம். நான்கு சிவப்பு, ஒன்று கறுப்பு. தேவானை அம்மாள் வெள்ளிக்கிழமை அதற்கும் பூ வைக்கிறாள். அவரைத் தவிட்டுக்கு வாங்கினதாக மட்டும் அவள் இப்போது கேலி செய்வதில்லை.

மூக்கில் என்ன தழும்பு என்று யாராவது கேட்டால் அம்மை என்று அவர் சொல்வதில்லை. போன வாரம் டிராமில் ஒருவர் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். சுப்பராயன் வழக்கம்போல ஒரு பெரிய விளக்கத்துக்குத் தொண்டையைச் செருமினார், பிறகு மனசு மாறிவிட்டார்.

"எனக்கு முன்னாடி நாலு பேர் இருந்தாங்க" என்றார்.